புது நகைச்சுவை நாடகமும் ஊர் அரங்கும்

ஊர் அரங்கு என்னும் தொடரால் இங்குக் குறிக்கப்படுவது, நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாத ஆசிரியரும் ஆலைத் தொழிலாளரும் வங்கி ஊழியரும் கடைக்காரரும் மாணவரும் ஓய்வு நேரத்தில் கூடி, தம் ஊரில், தம் ஊரார்க்கென நடத்தும் நாடகமாகும். நூல் வழக்கில் இதற்குப் பயில்முறை நாடகம் என்று பெயர். பேச்சு வழக்கில் அமெச்சூர் நாடகம் என்பர். பிரதி என்பது நாடகத்தின் எழுத்து வடிவம்; குழுவினர் ஸ்கிரிப்ட் என்று சொல்வது இதையே. ஒரு புது நகைச்சுவை நாடகத்தின் பிரதி, எழுதியவர் கையிலிருந்து புறப்பட்டு, யாரோ ஒருவரால் படிக்கப்பட்டு, ஒரு குழுவால் ஏற்கப்பட்டு, ஊர்மேடையில் ஏறுவதற்குள் எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டியுள்ளது, அவற்றுள் எது தமிழ்நாட்டில் திறந்திருக்கிறது, எது இன்னும் கட்டப்படவே இல்லை என்பதை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு நிலைக்களமாக எடுத்துக்கொள்ளப்படுவது விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம்: ஸ்ரீவில்லிபுத்தூர், அதை அடுத்த திருவண்ணாமலை, சற்றுத் தள்ளி இராஜபாளையம். வடக்கே அருணாசலேசுவரர் உறையும் நகரோடு இந்தத் திருவண்ணாமலைக்குப் பெயர் ஒன்றே பொது. இங்குக் குன்றின்மேல் இருப்பவர் சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்று வழங்கும் இத்தலத்தில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திரளும் மக்களைக் கண்டவர்கள், பார்க்க ஆளில்லாமல்தான் நாடகம் நலிந்தது என்ற பழைய புலம்பலை எளிதில் ஏற்கமாட்டார்கள். கூடுவதற்கு மக்களும் கூட்டுவதற்கு விழாவும் ஏறுவதற்கு மேடையும் இப்பகுதியில் குறைவின்றி உண்டு; புதிதாக எழுதிய ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிப் படிக்கும் இடம்தான் இல்லை.

இந்தக் குறைக்குக் காரணம் சோம்பலோ ரசனைக் கேடோ என்று கொள்வது பிழை. தமிழ்நாட்டில் நாடகம் பிரதியாகப் பயணம் செய்தது குறைவு. குழுவாகப் பயணம் செய்ததே மிகுதி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டு முதலே சாமுவேல் பிரெஞ்சு போன்ற பதிப்பகங்கள் நாடக நூல்களை அச்சிட்டு விற்று, அவற்றை ஆட விரும்பும் குழுக்களிடமிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உரிமத்தொகை, அதாவது ஆசிரியருக்குச் சேர வேண்டிய பங்கு, பெற்றுத் தந்தன. அதனால் ஒரு சிற்றூர்க் குழு, எழுதியவர் முகத்தைக் காணாமலேயே அவர் நாடகத்தை ஆட முடிந்தது. இங்கோ ஒரு நாடகத்தின் பெயரைச் சொன்னால் அதை ஆடிய குழு நினைவுக்கு வரும், முதன்மை நடிகர் நினைவுக்கு வருவார், நூல் நினைவுக்கு வராது. வேறொரு குழு அதே நாடகத்தை எடுத்தால், பார்ப்பவர் அதை நகல் என்றே எண்ணுவர். சோக நாடகம் இந்த வழக்கத்தை ஓரளவு தாங்கும்; கதைப் பின்னலே அதைச் சுமந்து செல்லும். நகைச்சுவையோ சொல்லும் முறையிலும் நிறுத்தும் இடத்திலும் உயிர்வாழ்வது ஆதலால், முதலில் சொன்ன வாயோடு அது ஒட்டிக்கொள்கிறது. அந்தக் குழு கலைந்தால் நாடகமும் கலைகிறது.

நகைச்சுவைக்குத் தமிழில் மரபு இல்லாமையால் இவ்வாறு நேர்ந்தது என்று சொல்ல இடமில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசம், பிரகசனம் என்னும் நகைநாடக வகையைச் சேர்ந்தது. காபாலிகரையும் பௌத்தரையும் கள்வெறியையும் நையாண்டி செய்யும் அந்நாடகம், மலையாள நாட்டுக் கோயில் அரங்கில் இன்றும் உயிரோடிருப்பதும் எழுதப்பட்ட ஊரில் அதன் சுவடே இல்லாமற்போனதும் எண்ணத்தக்கவை. தெருக்கூத்தில் கட்டியக்காரன், இசை நாடகத்தில் பபூன் எனச் சிரிப்பைத் தொழிலாகக் கொண்ட பாத்திரம் எக்காலத்தும் இருந்தே வந்திருக்கிறது. பாத்திரம் இருந்தது, அதற்கென எழுதிவைத்த பிரதிதான் அரிதாக இருந்தது.

அந்த அரிதான பிரதியை முதலில் பெருமளவில் உண்டாக்கியவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியின் சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து ஆடியதைக் கண்டு தூண்டுதல் பெற்று, நண்பர்களோடு 1891 ஜூலை 1ஆம் நாள் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை, வழக்கறிஞரும் அலுவலருமாகிய படித்தவர்கள் கூலி பெறாமல் நடித்த அமைப்பு. அதுவே தமிழில் பயில்முறை அரங்கின் முதல் உறுதியான வடிவம் எனலாம். கூத்தாடுதல் இழிதொழில் என்று கருதப்பட்ட காலத்தில், அலுவலகம் முடிந்து வந்தவர்கள் ஒப்பனை இட்டுக்கொண்டது சிறு செய்தியன்று. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்ற அச்சபையில் அவ்வேடங்களுக்குப் பேர்பெற்றவர் ரங்கவடிவேலு. கையில் இருக்கும் நடிகர் யார், அவர்க்கு எது வரும், எது வராது என்று அறிந்து எழுதும் வாய்ப்பு சம்பந்தனாருக்கு இருந்தது. ஊர் அரங்குக்கு எழுதுவோர் இன்றும் இதை முதல் பாடமாகக் கொள்ளலாம். உலகப் பொதுவான ஒரு நடிகருக்காக எழுதப்படும் நகைச்சுவை யாருக்கும் பொருந்துவதில்லை. பல் துருத்திய தபால்காரர், மூச்சு விடாமல் பேசும் கணக்காசிரியர் எனக் கண்ணெதிரே இருக்கும் இருவரை எண்ணி எழுதப்பட்டது, பிற ஊர்களிலும் தனக்கேற்ற இருவரைத் தேடிக்கொள்கிறது.

சம்பந்தனாரின் 'சபாபதி' இங்குச் சற்று நின்று நோக்கத்தக்கது. ஜமீன்தார் வீட்டு மகனும் அவன் வேலைக்காரனும் ஒரே பெயரோடு, அறிவில் ஏறத்தாழ ஒரே தரத்தோடு, வீட்டையே குழப்பும் இந்நாடகத்தை அவர் தனித்தனியே ஆடத்தக்க பாகங்களாக எழுதினார். அவற்றுள் ஒன்று நாடக ஒத்திகையையே நகைப்பொருளாகக் கொண்டது. 1941இல் ஏவி. மெய்யப்பன் அதைத் திரைப்படமாக்கியபோது டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அவ்விரு சபாபதிகளாயினர். படம் பெற்ற புகழில் நாடகநூல் மறைந்துபோயிற்று. ஆனால் கட்டமைப்பைப் பார்த்தால், சிறு குழுவுக்கு இதைவிடத் தோதான வடிவம் காண்பது கடினம்: ஓர் அறை, சில பாத்திரங்கள், ஒரு மணிக்குள் முடியும் பகுதிகள், ஒரு பகுதி பிடித்தால் அடுத்த ஆண்டு அடுத்த பகுதி. 90க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதி அச்சிலும் ஏற்றிய ஒருவர், நாடகம் நூலாகவும் வாழ வேண்டும் என்று உறுதியாக நம்பியிருந்தார் என்பது வெளிப்படை. அவருக்குப் பின் வந்த சபா நாடகக்காரர்கள் அவரிடமிருந்து மேடையை எடுத்துக்கொண்டார்கள், அச்சை எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

சென்னை சபா நாடகங்கள் இந்தக் குழு வழக்கத்தின் உச்சம். சபா என்பது உறுப்பினர்களிடம் ஆண்டுச் சந்தா பெற்றுக் கச்சேரியும் நாடகமும் ஏற்பாடு செய்து தரும் சங்கம். குழுவுக்கு நிகழ்ச்சி தருவதா வேண்டாவா என்று முடிவு செய்பவர் அதன் செயலாளர். அவர் பிரதியைப் படித்து முடிவு செய்வதில்லை; முதல் காட்சிக்கு வந்து, அரங்கு எத்தனை முறை சிரித்தது என்று பார்த்து முடிவு செய்வார். ஒய். ஜி. பார்த்தசாரதி 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1954இல் தொடங்கிச் சோவின் நாடகங்களால் பெயர்பெற்ற விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ், எஸ். வி. சேகரின் நாடகப்ரியா என அடுத்தடுத்து எழுந்த குழுக்களுள் பல, எழுதுபவரோ முதன்மை நடிகரோ தலைமை ஏற்ற குழுக்கள். கிரேசி மோகன் (1952–2019) வாழ்க்கையே இதற்குச் சான்று. கிண்டி பொறியியல் கல்லூரி மாணவராக 1972இல் ஒரு சிறு நாடகம் எழுதிப் பரிசு பெற்ற அவர், 1976இல் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தைச் சேகரின் குழுவுக்கு எழுதித் தந்து பெயர் பெற்றார். ஆயினும் 1979இல் கிரேசி கிரியேஷன்ஸ் என்னும் சொந்தக் குழுவைத் தொடங்க வேண்டியிருந்தது. தமிழில் மிக வெற்றி பெற்ற நகைச்சுவை நாடகாசிரியருக்கே குழு இன்றி வழியில்லை என்றால், நூற்பாலையில் வேலை முடிந்து வந்து இரவில் எழுதும் இராஜபாளையத்துக்காரர் தம் பிரதியை எங்குக் கொண்டுபோவார்?

சென்னையிலும் ஒரு வாயில் சற்றே திறந்திருக்கிறது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா புதிய நாடகங்களுக்கென்றே அமைந்தது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கு அரங்கேறியவை பின்னர்ப் பிற சபாக்களுக்குச் செல்கின்றன. எனினும் அங்கு விண்ணப்பிப்பது குழு. தனியே பிரதியை மட்டும் வைத்திருப்பவருக்கு அதிலும் இடமில்லை.

தெற்கே நிலைமை வேறு, ஒருவகையில் வளமானதும்கூட. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் கோயில் விழாவுக்கு வரும் நாடகம், சபா நாடகமன்று. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இசை நாடகம். தனிக் குழு இல்லாமல், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என ஒவ்வொரு கலைஞரும் அந்த ஓர் இரவுக்கென்று தனித்தனியே பேசி வரவழைக்கப்படுவதால் அதற்கு அப்பெயர். ஒத்திகை கிடையாது, வள்ளி திருமணம் போன்ற கதை எல்லார்க்கும் பாடமாதலால், முன்பின் பழகாதவர்களும் மேடையிலேயே சந்தித்து விடியும்வரை ஆடிவிடுவர். அக்கதைகளுக்குப் பாட்டும் வசனமும் வகுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). கலைஞர்களை ஒருங்கிணைப்பது 1923இல் தொடங்கிய மதுரை நடிகர் சங்கமும் அதுபோன்ற பிற ஊர்ச் சங்கங்களும். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி இக்கலைஞர்களின் வாழ்வை ஆராய்ந்து 2005இல் எழுதிய நூல், ஏறத்தாழ முதல் இரண்டு மணி நேரம் முழுவதும் பபூனுடையது என்பதைக் காட்சி காட்சியாக விளக்குகிறது: பபூனின் தனிப்பேச்சு, நடனக்காரியோடு எசப்பாட்டு, கணவன் மனைவி அடிபிடிக் காட்சி, அதன் பிறகே கதை.

ஆக, இவ்வூர்களில் நகைச்சுவைக்கு இரண்டு மணி நேர இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எழுத்தாசிரியர் மட்டும் இல்லை. பபூனின் சரக்கு வாய்வழிச் சரக்கு. ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு, வெட்டி ஒட்டி, அன்றைய ஊர்ச் செய்தியைச் சேர்த்துச் சொல்வது. அதன் கூர்மை வியப்புக்குரியது. அதன் தேய்வும் மறைக்க முடியாதது. குடிகாரக் கணவனும் அடங்காத மனைவியும் இரட்டைப் பொருள் பேச்சும் திரும்பத் திரும்ப வரும்போது, மேடைக்கு முன் பாயில் அமர்ந்திருக்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை விழாக் குழுவினரே குறையாகச் சொல்வதுண்டு. புதிதாக எழுதுவோர் பபூனை எதிரியாகக் கருதாமல், அவருக்கு எழுதித் தர முன்வந்தால், தமிழ் நகைச்சுவை அரங்கின் இரண்டு பாதிகளும், பிரதியில்லாத நடிகரும் நடிகரில்லாத பிரதியும், ஒன்றையொன்று கண்டுகொள்ளும்.

இதற்குத் துணையாக ஒரு சட்ட நெருக்கடியும் வந்து வாய்த்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் மட்டும் மாநில அரசுக்கு உண்டு. விதி தடுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் ஸ்பெஷல் நாடகத்தின் பபூன் மரபுப்படி மேடைக்கு வருகிறார்! விடியவிடிய ஆடும் கலைக்கு இது பெரும் இடி என்பதில் ஐயமில்லை. ஆனால் மாலை 7 மணி முதல் 10 மணி வரை என்ன செய்வது என்று விழாக் குழுக்கள் தேடத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், 50 நிமிடம் ஓடும் ஊர்க் குழுவின் நகைச்சுவை நாடகத்துக்கு அந்த இடைவெளி பொருத்தமானது. பட்டிமன்றமும் இன்னிசைக் கச்சேரியும் வந்து நிரப்புவதற்கு முன் அதைக் கேட்டுப் பெறுவது எழுதுவோர் பொறுப்பு.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். நையாண்டி இம்மண்ணில் விலை கொடுத்து வாங்கிய உரிமை. சிவகாசியில் பிறந்த நாடகக் கலைஞர் விஸ்வநாத தாஸ் (1886–1940), முருகன் வேடத்தில் மேடையேறி, வெள்ளையரைக் கொக்காக்கிப் பாடிச் சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் நீத்தார். அத்தகையோரை அடக்க 1876இல் ஆங்கில அரசு இயற்றிய நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் வழியில், விடுதலைக்குப் பின் 1954இல் தமிழ்நாட்டுக்கென ஒரு சட்டம் வந்தது. பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுத்து அனுமதி பெற வேண்டிய நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பல நகைச்சுவைப் பிரதிகளின் முதல் வாசகர், சில வேளை ஒரே வாசகர், காவல் நிலைய எழுத்தராக இருந்தது அக்காலத்துக்கே உரிய விந்தை. நாடகாசிரியரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை எனத் தள்ளியது. கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் இன்றும் அனுமதி வேண்டும், வசனத்துக்கு வேண்டா. இந்த வேறுபாட்டை அறியாமல், வசனத்தைத் தாமே வெட்டிக்கொள்ளும் குழுக்கள் இன்னும் இருக்கின்றன.

இனி, பிரதி படிக்கப்படுவது எப்படி என்னும் நடைமுறைக்கு வரலாம். நகைச்சுவைப் பிரதியைத் தபாலிலோ வாட்ஸாப்பிலோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில் பயன் மிகக் குறைவு. மௌனமாகப் படிக்கும்போது சோகம் கண்ணில் நீர் வரவழைக்கக்கூடும். சிரிப்போ பெரும்பாலும் கூட்டத்தில் பிறப்பது, தனியே இருப்பவர் புன்னகையோடு நிறுத்திக்கொள்வார். ஆகவே முதல் வாயில் மேடை வாசிப்பு: நடிகர்கள் ஒப்பனையும் காட்சி அமைப்பும் இன்றி, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, குரலால் மட்டும் முழு நாடகத்தையும் ஒரே இருப்பில் படித்துக் காட்டுவது. இது அயலார் வழக்கம் என்று தயங்க வேண்டியதில்லை. அரங்கேற்றம் என்ற சொல்லே, இயற்றியதை அவையோர் முன் படித்து ஒப்புதல் பெறுவதைக் குறித்து வந்தது. ஊர்ச் சாவடிகளில் பாரதமும் இராமாயணமும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட வழக்கமும் இப்பகுதிக்குப் புதிதன்று.

வாசிப்பில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எழுதியவர் தாமே படிக்கக் கூடாது; தம் குரலால் பிரதியின் ஓட்டைகளை அவர் அடைத்துவிடுவார். பின்வரிசையில் பென்சிலோடு அமர்ந்து, சிரிப்பு வந்த இடம், வரும் என்று நம்பி வராத இடம், எதிர்பாராமல் வந்த இடம் ஆகியவற்றை ஓரத்தில் குறித்துக்கொள்வதே அவர் வேலை. எதிர்பாராமல் சிரிப்பு வந்த இடங்கள்தாம் நாடகம் உண்மையில் எதைப் பற்றியது என்பதைக் காட்டும். கேட்பவர்கள் நண்பர்களாக மட்டும் இருந்தால் அவ்வாசிப்பு வீண். நண்பர் வட்டத்தில் எழும் சிரிப்பில் பாதி, எழுதியவரைத் தெரிந்தமையால் எழுவது. ஒரு பாட்டி, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், ஒரு தேநீர்க் கடைக்காரர், நாடகமே பார்த்திராத ஒருவர் ஆகியோர் இருக்கும் பதினைந்து பேர் அவை, நூறு நண்பர்களைவிட மேலானது. ஆலைகளில் ஷிப்ட் முறை நிலவும் இராஜபாளையத்தில், நாளும் நேரமும் முடிவு செய்வதற்கு முன் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்துக்கொள்வது, பிரதியைத் திருத்துவதற்கு நிகரான வேலை.

அடுத்து மொழி. சென்னைச் சபா நாடகங்களின் மயிலாப்பூர்ப் பேச்சும் ஆங்கிலச் சிலேடையும் கரிசல் வட்டாரத்தில் சிரிப்பை எழுப்புவதில்லை. எழுப்பினால், பேசுபவரைப் பார்த்தே எழும். பல வீடுகளில் தெலுங்கு புழங்கும் இராஜபாளையத்துக்கும், ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கும், கிழக்கே கந்தக பூமியின் தீப்பெட்டி ஊர்களுக்கும் பேச்சு வேறு, ஏச்சு வேறு, மரியாதை வேறு. இந்த வேறுபாடே நகைச்சுவைக்கு மூலப்பொருள். ஈழத்தில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இதை நெடுநாள் முன்பே செய்து காட்டினார்: 1940இல் நூலாக வந்த 'நானாடகம்', 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' முதலிய நான்கு நாடகங்களை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே கொண்டிருந்தது, பல்கலைக்கழக மாணவர்கள் அவரது நாடகங்களை ஆடினர். மொழியியல் அறிஞர் ஒருவர் ஊர்ப்பேச்சை அச்சில் ஏற்றத் தயங்கவில்லை என்பதும், ஆடியவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர் என்பதும், பிரதி நூலானமையால் இன்றும் கையில் எடுத்துப் படிக்க முடிகிறது என்பதும் இவ்வுரையின் கருத்துக்கு வலுச் சேர்ப்பன. கரிசல் வட்டாரத்துச் சிறுகதை, கி. ராஜநாராயணன் வழியே அந்தத் துணிவை அடைந்துவிட்டது. கரிசல் நாடகம் இன்னும் அடையவில்லை.

குழுவை அணுகும்போது முழுப் பிரதியையும் நீட்டுவது வழக்கமாகிவிட்ட தவறு. விழாக் குழுத் தலைவரோ மன்றச் செயலாளரோ 80 பக்கத்தைப் படிக்கப்போவதில்லை. ஒரே தாளில், கதை ஐந்து வரி, பாத்திரங்கள் ஆண் எத்தனை பெண் எத்தனை, ஓடும் நேரம், மேடையில் வேண்டிய பொருள்கள், தோராயச் செலவு ஆகியவற்றை எழுதி, அதனோடு நாடகத்தின் மிக நல்ல காட்சி ஒன்றை மட்டும் இணைத்தால் போதும். பெண் நடிகர் கிடைப்பது சிற்றூர்களில் இன்றும் எளிதன்று. அதற்காகப் பெண் பாத்திரத்தையே நீக்கிவிடுவது சோம்பேறித்தனம். மாலையில் ஒத்திகை வைத்து, வீடு திரும்ப வாகனமும் ஏற்பாடு செய்தால் ஆசிரியைகளும் கல்லூரி மாணவியரும் வருவர் என்பதைக் கல்லூரி விழாக்களே காட்டுகின்றன. காட்சி மாற்றம் குறைவாக, இடம் ஒன்றாக அமைவது நன்று. விழாக் கணக்கு வாசிக்கும் இரவு, பத்திரப் பதிவு அலுவலகத் தாழ்வாரம், பால்கோவாக் கடையின் பின்கட்டு: இவற்றுள் எதிலும் ஒரு நாடகம் முழுவதையும் அடக்கலாம்.

உரிமை பற்றிய அச்சமும் தெளிவும் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணமே உரிமை எழுதியவருடையதாகிறது. பதிவு கட்டாயமில்லை, சான்றாக விரும்புவோர் நாடகப் பிரதி ஒன்றுக்கு 500 ரூபாய் செலுத்திப் பதிவு செய்துகொள்ளலாம். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு ஊர் அரங்குக்கு ஒரு சலுகையும் தருகிறது: பயில்முறைச் சங்கம் ஒன்று கட்டணமின்றியோ, சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ நாடகம் ஆடினால் அது உரிமை மீறலாகாது. கோயில் விழாவில் இலவசமாக ஆடும் குழு ஆசிரியரிடம் அனுமதி கேட்கவேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆசிரியர் பெயரை நோட்டீசில் அச்சிடுவதும், முதல் வரிசையில் ஒரு நாற்காலி போடுவதும் பண்பாட்டின் பாற்பட்டவை. கட்டணம் வைத்து ஆடினால் அனுமதியும் பங்கும் உண்டு; நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மிகாதவரை நாடகத்துக்குச் சரக்கு சேவை வரி விலக்கும் உண்டு.

நிறுவனங்களின் பங்கு இறுதியாகக் கருதத்தக்கது. இலக்கியத்துக்கு வாசகர் வட்டமும் இசைக்குச் சபாவும் இருக்கும் நாட்டில், நாடகப் பிரதியை வாங்கிப் படிக்கும் குழு ஒன்று மாவட்டத்துக்கு ஒன்றாவது இருப்பது மிகையான ஆசையன்று. மராட்டியத்தில் மாநில அரசு 1954 முதல் பயில்முறை நாடகப் போட்டி நடத்திப் புதிய நாடகாசிரியர்களை ஊர்தோறும் உண்டாக்கியது. சிங்கப்பூரில் ரவீந்திரன் நாடகக் குழு, பத்தே நிமிடம் என்னும் திட்டத்தின் வழியே, புதிதாக எழுதுவோரின் பத்து நிமிட நாடகங்களைப் பயிற்சியோடு மேடையேற்றுகிறது. இரண்டு மணி நேர நாடகத்தோடு தொடங்க வேண்டும் என்ற தமிழ்நாட்டுப் பிடிவாதத்துக்கு இது நல்ல மாற்று. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் புது நாடகத் தயாரிப்புக்கு நிதியுதவி வழங்கும் அமைப்பு. ஆனால் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் சென்னையிலிருந்து செய்ய இயலாது. அது அருகிலிருந்தே செய்யத்தக்கது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே பொதுவுக்கு அளிக்க, இராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் உருவானது. முதல்வராயிருந்த ஒருவர் வீட்டைக் கலைக்குக் கொடுத்த ஊரில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம், பதினைந்து நாற்காலி கேட்பது பெரிய வேண்டுகோளாகாது.

புதுப் பிரதிகள் வந்து சேரும்வரை அந்த நாற்காலிகள் காலியாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. சம்பந்தனார் 1964இல் மறைந்தார். சட்டம் வகுத்த அறுபது ஆண்டு 2024 இறுதியில் நிறைவுற்றமையால், 'சபாபதி'யை இன்று எவரும், எங்கும், கட்டணம் வைத்தும் வைக்காமலும் ஆடலாம். முதல் மாதம் அதைப் படித்து வாயையும் செவியையும் பழக்கிக்கொண்டு, இரண்டாம் மாதம் உள்ளூரார் எழுதியதைக் கையில் எடுக்கலாம். எழுதி வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருப்போர், பாத்திரத்துக்கு ஒரு படியாக எடுத்துக்கொண்டு, பிறரைப் படிக்கச் சொல்லித் தாம் பின்வரிசையில் அமர வேண்டுகிறோம். வரும் புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் திருவண்ணாமலை அடிவாரத்தில் ஒரு புது நகைச்சுவைப் பிரதியாவது உரக்கப் படிக்கப்பட்டுவிட்டால், இவ்வுரை எழுதியதற்குப் பயன் கிடைத்துவிடும்.